முதல் தொட்டியின் மூச்சு

ஏப்ரல் 3

இயந்திரம் வந்துவிட்டது. பீரோவை விடக் கொஞ்சம் குட்டை, கனம் மட்டும் இரண்டு பீரோ. லாரியிலிருந்து இறக்கி அறைக்குள் கொண்டுபோவதற்குள் பெருந்துறை வெயிலில் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. அலுவலகப் பதிவில் எண்களை மட்டும்தான் எழுதலாம். சந்தேகங்களை எழுத இடமில்லை. அதற்காகத்தான் இந்த நோட்டு.

எங்கள் ஆலையில் துணியின் கஞ்சியை எடுக்கும் நொதி தயாராகிறது. திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகளுக்குப் போகும். மாடி உயரத் தொட்டிகள் ஐந்து. உள்ளே கோடானுகோடி பாக்டீரியாக்கள் மாவைத் தின்று, காற்றை இழுத்து விட்டுக்கொண்டிருக்கின்றன. அவை எப்படி இருக்கின்றன என்று தெரிய இதுவரை சில மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளிருக்கும் குழம்பை எடுத்து லேபில் பார்ப்போம். முடிவு வருவதற்குள் உள்ளே நிலைமை மாறியிருக்கும். இனி ஒவ்வொரு தொட்டியின் உச்சியிலிருந்து வெளியேறும் காற்றும் மெல்லிய குழாயில் இந்த அறைக்கு வரும். மாஸ் ஸ்பெக் என்கிற இந்த இயந்திரம் அதை முறைவைத்து முகர்ந்து, ஆக்சிஜன் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று உடனுக்குடன் சொல்லிவிடும். கருவிகள் பிரிவில் இருப்பவள் நான் என்பதால் இது என் பொறுப்பு.

பழைய ஸ்டோர் ரூம்தான் இதற்கு அறை. ஏ.சி. உண்டு, ஜன்னல் இல்லை. குழாய்கள் சுவரைத் துளைத்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இயந்திரத்தில் சேர்கின்றன. முதல் தொட்டியின் குழாய் எல்லாவற்றுக்கும் கீழே, உட்கார்ந்தால் என் கன்னத்துக்கு நேராக இருக்கிறது.

ஏப்ரல் 5

இன்று முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தொட்டிக்கு மாவுக்கரைசல் இறங்கியதும் ஆக்சிஜன் கோடு சரிகிறது, கரியமில வாயு ஏறுகிறது. சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்குகிற ஆளைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது போல.

உற்பத்தி மேலாளர் குப்புராஜ் சார் வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். மாதக் கடைசி வரைக்கும் டைம், அதற்குள் இதை நம்பலாம் என்று நீ நிரூபிக்காவிட்டால் கொடுத்தவர்களிடமே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் எதையுமே கோபமாகச் சொல்வதில்லை.

ஏப்ரல் 9

இந்த வருடம் வெயில் அநியாயம். மேஜை மேல் பெரிய தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறேன். மதியத்துக்குள் காலி. பிறகு நிரப்பி, அதுவும் காலி. கழிப்பறை கீழ்த்தளத்தின் கோடியில் இருப்பதுதான் தொல்லை.

லேபில் இருக்கும் ஷமீலா என்னைப் பார்த்து, இளைத்துவிட்டீர்கள், என்ன டயட் என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் தைத்த சுடிதார் சரியாக இருக்கிறது. சந்தோஷம்தான்.

ஆலையில் இன்று மருத்துவ முகாம். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இயந்திரத்துக்கு அளவுத்திருத்தம் நடந்துகொண்டிருந்ததால் நான் போகவில்லை. அண்ணன் நல்லசிவம் போன் செய்தான். எடுக்க முடியவில்லை.

ஏப்ரல் 11

ஒரு புதிர் கிடைத்திருக்கிறது.

நான்கு வாயுக்களை மட்டும் பார்க்கத்தான் இயந்திரத்துக்குச் சொல்லியிருக்கிறோம். வேறு என்னதான் வருகிறது பார்ப்போமே என்று, எடை ஒன்றிலிருந்து நூறு வரை முழுக்கத் தேடச் சொன்னேன். இந்த இயந்திரம் வாயுவை உடைத்து, துண்டுகளைக் காந்தத்தில் வளைத்து, எடைவாரியாகப் பிரிக்கும். ஆக்சிஜன் முப்பத்திரண்டு, கரியமில வாயு நாற்பத்து நான்கு. எடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடும்.

முதல் தொட்டியில் மட்டும் ஐம்பத்தெட்டில் ஒரு சின்ன மேடு. மற்ற நான்கிலும் அந்த இடம் சமதரை.

ஐம்பத்தெட்டு எடையுள்ள யார் அங்கே?

ஏப்ரல் 12

முதல் சந்தேகம், சமையல் எரிவாயு. அதில் இருக்கும் பியூட்டேனின் எடை ஐம்பத்தெட்டு. முதல் தொட்டிக்கு மட்டும் பழைய தனிக் கம்ப்ரசர். அது காற்றை உறிஞ்சுவது கேன்டீனின் பின்சுவருக்குப் பக்கத்தில். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகக் கேன்டீனுக்குப் போனேன். கேன்டீன் நடத்தும் ராக்கியண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. நேற்றுத்தான் டியூப் மாற்றினேன், வேண்டுமானால் படுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். படுத்துத்தான் பார்த்தேன். ஒரு குமிழி கூட இல்லை. எழுந்தபோது தலை சுற்றியது. அவரே பிடித்து உட்காரவைத்து, சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தார். இரண்டு கிளாஸ் குடித்தேன்.

திரும்பி வந்து வரைபடத்தை நிதானமாகப் பார்த்தேன். நான் கேன்டீனுக்குப் போயிருக்கவே வேண்டாம். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு விதமாகத்தான் உடையும். பியூட்டேன் உடைந்தால் இருபத்தொன்பதில் பெரிய துண்டு விழ வேண்டும். இங்கே அது இல்லை. நாற்பத்து மூன்றில்தான் இருக்கிறது. நாற்பத்து மூன்றும் ஐம்பத்தெட்டும் சேர்ந்து வந்தால் அது அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கிற திரவம்.

நொதித் தொட்டிக்குள் அசிட்டோனுக்கு என்ன வேலை?

ஏப்ரல் 13

அசிட்டோனை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் சில உண்டு. அதில் ஒன்று முதல் தொட்டிக்குள் புகுந்திருந்தால் மொத்தத் தொட்டியும் பாழ். ஷமீலாவிடம் சொன்னேன். வேறு கிருமி முளைக்கிறதா என்று பார்க்க, குழம்பை எடுத்துத் தட்டுகளில் பூசி வைத்திருக்கிறாள். குப்புராஜ் சாரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தொட்டியின் எண்ணை மட்டும் ஒருமுறை திருப்பிக் கேட்டார்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. லீவு. என் வீட்டுக்காரர் திருமூர்த்தி வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி எல்லாம் செய்திருந்தார். பள்ளி ஆசிரியருக்கு விடுமுறை கிடைத்தால் வீடு ஓட்டலாகிவிடும். நானும் நிறையச் சாப்பிட்டேன். அப்படியும் பசித்தது.

சாயங்காலம் சென்னிமலைக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். உடம்பு அசதியாக இருக்கிறது, இன்னொரு நாள் போகலாம் என்றேன். தை மாதம் அவனுக்குச் சர்க்கரை வியாதியில் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஆலை வேலை அப்படி.

"உனக்குத் தண்ணி ரொம்பத் தவிக்குது பாகி. ராத்திரியில எத்தன வாட்டி எந்திரிக்கற. ஒருக்கா டாக்டரப் பாத்துட்டு வந்தர்லாமே" என்றார்.

வெயில் என்றேன்.

ஏப்ரல் 15

புதிர் இன்னும் அழகாகிவிட்டது. சனி, ஞாயிறு பதிவைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு சனிக்கிழமை சாயங்காலம் தேய்ந்து மறைந்திருக்கிறது. ஞாயிறு முழுக்க இல்லை. இன்று காலை திரும்ப முளைத்திருக்கிறது. முந்தைய நாட்களையும் எடுத்துப் பார்த்தால் இரவு ஷிஃப்டில் இல்லவே இல்லை, பகலில் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கிற பாக்டீரியாவை நான் கேள்விப்பட்டதில்லை.

ஷமீலாவின் தட்டுகள் சுத்தம். வேண்டாத கிருமி ஒன்றுமில்லை. ஆனால் மெதுவாக வளர்கிற ஜாதியாக இருந்தால் இன்னும் சில நாள் ஆகுமாம்.

ஏப்ரல் 16

பகலில் திறந்து இரவில் மூடுகிற அசிட்டோன் எது என்று தேடினேன். லேபில் ஒரு பாட்டில் இருக்கிறது, கண்ணாடிச் சாமான் கழுவ. அதை ஆலையின் மறுகோடிக்கு எடுத்துப்போகச் சொன்னேன். ஷமீலா கைப்பையிலிருந்து நகப்பூச்சுத் திரவத்தையும் எடுத்து நீட்டி, "இந்தாங்கக்கா, இதையும் கைது பண்ணிக்குங்க" என்றாள்.

மேடு இறங்கவில்லை. போன வாரத்தை விட உயரம்.

திரையில் எழுத்துகள் கொஞ்சம் கலங்கித் தெரிகின்றன. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 17

இவ்வளவு நாள் ஐம்பத்தெட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் பக்கத்தில் இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். முதல் தொட்டியில் ஆக்சிஜன் இருக்க வேண்டியதை விடச் சற்று அதிகம். தொட்டிக்குள் இருக்கும் கருவி ஒன்று சொல்கிறது, காற்றுக் குழாய் வேறொன்று சொல்கிறது. அப்படியென்றால் வழியில் எங்கோ கசிவு. இயந்திரம் உறிஞ்சும்போது தொட்டிக் காற்றோடு வெளிக்காற்றும் கொஞ்சம் உள்ளே போகிறது.

அந்த அசிட்டோன் தொட்டியிலிருந்தே வராமல் இருக்கலாம்! நாளைக்குக் கசிவைத் தேட வேண்டும். தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 18

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் வாயால் ஊத வேண்டும். நம் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது. எந்த இணைப்பில் ஊதும்போது திரையில் அது துள்ளுகிறதோ அங்கேதான் ஓட்டை.

சுவரிலிருந்து ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டு வந்தேன். கடைசி இணைப்பில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பதில், கரியமில வாயு துள்ளியது. எதிர்பார்த்ததுதான்.

ஐம்பத்தெட்டும் துள்ளியது.

இணைப்பை இறுக்கிவிட்டேன். முதல் தொட்டி இப்போது சமதரை.

ஏப்ரல் 19

பட்டினி கிடந்தாலும் மூச்சில் அசிட்டோன் வரும். உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாவது அது. நான் காலையில் சரியாகச் சாப்பிடாமல் ஓடிவருகிறவள். அவ்வளவுதான் விஷயம்.

அனுமானத்தைச் சோதித்துவிடலாம். உபயோகத்தில் இல்லாத குழாய் ஒன்று இயந்திரத்தில் இருக்கிறது. அதில் ஷமீலாவை ஊதச் சொன்னேன், கசிவு பார்க்க என்று. அவள் நோன்பெல்லாம் முடிந்து நன்றாகச் சாப்பிடுகிறவள். ஐம்பத்தெட்டு இல்லை. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு இன்னும் எதுவும் சாப்பிடாத ஆபரேட்டரை ஊதச் சொன்னேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு இருந்தது. அவர்கள் போனபின் நான் ஊதினேன்.

கேன்டீனில் நான்கு இட்லியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஊதினேன். பட்டினி என்பது சரியானால் குறைய வேண்டும்.

குறையவில்லை.

ஏப்ரல் 20

இன்றும் ஊதினேன். நேற்றை விட அதிகம். கோடு வரைந்தால் ஏறுமுகம். சுவாரசியமான வளைவு. இது வேறு யாருடையதாகவாவது இருந்தால் உட்கார்ந்து ரசித்திருப்பேன்.

காலையில் இரண்டு முறை வாந்தி. நேற்றைய கேசரியில் டால்டாவாக இருக்கும். திருமூர்த்தியிடம் சொல்லவில்லை.

அண்ணன் மறுபடி போன் செய்தான். போன் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22 – 26

இது வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். இடது கையில் ஊசி குத்தியிருக்கிறது, வலது கை சும்மாதான் இருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது முதல் தொட்டியில் நுரை பொங்கி மேலே வந்துகொண்டிருந்தது. மருந்து ஊற்றி அடக்கியிருந்தார்கள். குப்புராஜ் சார் என் அறையில் நின்று பத்து நாள் பதிவையும் எடுத்து வைத்திருந்தார். அவருடைய கணக்கு நேரானது. முதலில் அசிட்டோன், இப்போது நுரை. உள்ளே வேண்டாத கிருமி இருக்கிறது. அது மற்றத் தொட்டிகளுக்குப் பரவுவதற்கு முன்னால் முதல் தொட்டியை நீராவி விட்டுக் கொன்று சாக்கடையில் விட்டுவிட வேண்டும். மதியத்துக்குள் வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். ஷமீலா தன் தட்டுகளை அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றிலும் எதுவும் முளைக்கவில்லை. நீ தேடத் தெரியாமல் தேடியிருப்பாய் என்று அவளிடம் மென்மையாகச் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தொட்டியில் கோளாறு இல்லை, குழாயில்தான் கசிவு, அறைக் காற்று கலந்துவிட்டது, வியாழக்கிழமையே இறுக்கிவிட்டேன் என்றேன்.

"சரி அம்மணி, அறைக் காத்துன்னே வெச்சுக்குவோம். இந்த அறையில அசிட்டோன் எங்கிருந்து வந்துச்சு? பாட்டிலயும் தூக்கிட்டுப் போயாச்சு. அதச் சொல்லு, தொட்டிய விட்டர்றேன்."

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எனக்கு வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வேறு ஓடி வந்தவள் போல வாங்கியது. அவர் நீராவியைத் திறக்கச் சொல்வதற்காகப் போனை எடுத்தார்.

"என்கிட்ட இருந்துங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. வாயால் சொல்வதை விடச் சுலபமாக இருந்ததால், அந்தச் சும்மா இருக்கும் குழாயில் ஊதிக் காட்டினேன். திரையில் ஐம்பத்தெட்டு அதன் கட்டத்தைத் தாண்டி மேலே போய்விட்டது. இயந்திரம் தானாகவே அளவை மாற்றிக்கொண்டு மறுபடி வரைந்தது. குப்புராஜ் சார் குனிந்து தானும் ஊதினார். சமதரை.

ஷமீலா திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில், தொளதொளவென்று தொங்குகிற சுடிதார், பெரிதாக்கி வைத்த எழுத்து எல்லாவற்றையும் அவள் வரிசையாகப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"அக்கா, சுகர் பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"எப்பருந்து தெரியும் உங்களுக்கு?"

வியாழக்கிழமையிலிருந்து என்றேன். தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். குப்புராஜ் சார் போனில், நீராவி வேண்டாம், என் காரை வாசலுக்கு எடுத்து வரச் சொல்லு என்றார்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். மீட்டரில் எண்ணே வரவில்லை. எண்ணுக்கு அப்பால் போய்விட்டது என்று காட்டுகிற எழுத்து மட்டும் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். திருமூர்த்தி சாக்பீஸ் தூள் படிந்த சட்டையோடு நின்றது ஒரு துண்டு.

டாக்டர் என் வயசுதான் இருப்பார். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார். இது உங்கள் அண்ணனுக்கு வந்த வகை இல்லை, இன்சுலின் சுரப்பதையே உங்கள் உடம்பு நிறுத்திக்கொண்டிருக்கிறது, வாழ்நாள் முழுக்க ஊசி போட வேண்டும் என்றார். எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் வந்து அழைத்துப்போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். பல நாளைக்குப் பிறகு எனக்கு உற்சாகமாக இருந்தது.

ஏப்ரல் 27

அண்ணனுக்கு நானே போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். எங்கே குத்துகிறார்கள், வயிற்றிலா தொடையிலா என்று கேட்டான். வயிற்றில் என்றேன். தினமும் ஒரே இடத்தில் குத்தாதே, தடித்துப்போகும் என்றான். அவனும் ஊசி போடுவது எனக்குத் தெரியாது.

"வலிக்குமாண்ணா?"

"ஊசி வலிக்காது பாப்பா. மொத நா கையில எடுக்கறதுதான் சிரமம். எடுத்துட்டீன்னா சரியாப்போயிரும்."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன். செருப்பு எங்கே தைத்தான், பஸ் ஏறும்போது எப்படி, காயம் ஆற எத்தனை நாள் ஆயிற்று. அவன் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தான். இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 30

குப்புராஜ் சார் பார்க்க வந்தார். ஒரு பை நிறைய மாம்பழம். கொடுத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பையை மெல்ல நகர்த்திக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். முதல் தொட்டியை இறக்கியாயிற்று, குறை சொல்ல முடியாத விளைச்சல், நுரைக்குக் காரணம் மாவு மூட்டை மாறியதுதான் என்றார். இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவது பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போகும்போது ஷமீலாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொன்னார். அதை என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

மே 6

வேலைக்குத் திரும்பினேன். ராக்கியண்ணன் சர்க்கரை போடாத டீயை அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சகிக்கவில்லை. குடித்தேன்.

மதியம் குப்புராஜ் சார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். தனக்கும் கொஞ்ச நாளாகத் தாகம் எடுக்கிறது, இன்னொரு தடவை ஊதிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஊதினார். சமதரை. அவருக்குப் பின்னால் வாசலில் நான்கு பேர் நின்றார்கள். இந்த இயந்திரம் டாக்டர் இல்லை, என்னைப் போல எல்லை மீறிப் போனால்தான் இதற்குத் தெரியும், எல்லோரும் போய் ரத்தம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இன்னொரு முகாம் வைக்கிறார்களாம்.

மே 9

இதுவரை திருமூர்த்திதான் ஊசி போட்டுவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கை பிடித்து எழுதச் சொல்லித்தருவது போல அவ்வளவு கவனம். இன்று நானே போட்டுக்கொள்கிறேன் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டேன்.

கையில் எடுத்தேன். அண்ணன் சொன்னது சரி. உடனே குத்த முடியவில்லை. சும்மா இருக்க முடியாமல் மருந்து அட்டையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். கண் இப்போது தெளிந்துவிட்டது. மனித இன்சுலின் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, மரபணு மாற்றிய ஈஸ்டில் தயாரித்தது.

ஈஸ்ட் என்றால் தொட்டி. எங்கேயோ ஒரு ஆலையில் மாடி உயரத் தொட்டிக்குள் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. என் உடம்பு மறந்துபோன வேலையை அது செய்திருக்கிறது. அந்தத் தொட்டியின் உச்சியிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று ஏதாவது ஒரு அறைக்கு வரும். அங்கே யாராவது உட்கார்ந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரியமில வாயு ஏறும்போது அவர்களுக்கு எப்படி இருக்கும்? ஈஸ்ட் ஆயிற்றே, சர்க்கரையைக் கொஞ்சம் அவசரமாக ஊட்டினாலும் சாராயம் காய்ச்சத் தொடங்கிவிடும். அதை எப்படித் தடுக்கிறார்கள்? சாராயத்தைப் பிடிக்க எந்த எடையைக் கவனிக்கிறார்கள், முப்பத்தொன்றா நாற்பத்தாறா?

யோசித்துக்கொண்டே குத்திவிட்டேன். குத்தியது தெரியவில்லை.

தொட்டியின் மூச்சுக் கணக்கை எந்தக் கம்பெனியும் வெளியாளுக்குச் சொல்லாது. எங்கள் கம்பெனியும் சொல்லாது. இருந்தாலும் அட்டையில் இருந்த முகவரிக்கு ஒரு மெயில் எழுதி, கேட்டு அனுப்பியிருக்கிறேன்.